பார்பெல் சாய்கிறதா? கம்ப்யூட்டரில் அளந்து பார்க்கலாம்!

செல்போனில் எடுத்த வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைப்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அந்த வீடியோவுக்குள் கோணத்தை அளக்கவும் முடியும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்கள் வீட்டில் இருந்தால் இது மிகவும் உதவும்.

தீபாவளிக்குக் கொற்கைக்குப் போயிருந்தேன். (பாண்டியர்களின் முத்துத் துறைமுகமேதான். தாமிரபரணி வண்டல் சேர்ந்து கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது.) சித்தப்பா மகன் மொட்டை மாடியில் பார்பெல் வைத்து ஸ்குவாட் செய்துகொண்டிருந்தான். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் கல் தூக்கும் ஆசை. உருண்டைக் கல்லை அணைத்து, தொடையில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். பழகிய ஒரே தோளில்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். இவனுக்கு வலது தோள். ஒரு மாதமாக இடுப்பில் வலது பக்கம் பிடிப்பு வேறு.

"நேராத்தானண்ணே தூக்குதேன்" என்றான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கண்ணை நம்பிப் பயனில்லை என்று கினோவியா சாப்ட்வேரை அவன் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தேன். விண்டோஸில் ஓடும், முற்றிலும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதன் வெப்சைட்டிலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்.

வீடியோ எடுப்பதில்தான் கவனம் வேண்டும். இடது வலது வித்தியாசம் பக்கவாட்டில் தெரியாது. நேர் பின்னாலிருந்து எடுங்கள். செல்போன் இடுப்பு உயரத்தில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, ஸ்டாண்டிலோ ஸ்டூலிலோ அசையாமல் இருக்கட்டும். கேமரா கோணலாக நின்றால் நேரான பாரும் சாய்வாகத் தெரியும். துணி காயப் போடும் கொடியில் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி! படத்தில் எது செங்குத்து என்பதற்கு அந்த நூல்தான் சாட்சி.

கினோவியாவில் வீடியோவைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். இடது வலது அம்புக்குறி கீகளால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, முழுதாக உட்கார்ந்த நிலைக்கு வாருங்கள். ஆங்கிள் டூலை எடுத்து, நூலும் பாரும் சந்திப்பதாகத் தெரியும் இடத்தில் அதன் முனையை வைத்து, ஒரு கையை நூலோடும் மற்றதைப் பாரோடும் பொருத்துங்கள். 90 டிகிரி காட்டினால் சாய்வில்லை. அவனுக்கு 94 காட்டியது. ஐந்து முறை தூக்கியதையும் அளந்து சராசரி எடுத்தோம், அதே 94. வலது பக்கம் நான்கு டிகிரி இறக்கம்.

உடனே உடம்பைக் குறை சொல்லிவிடக் கூடாது. புரோகிராமில் தப்பு தேடுவது போல ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். இருபக்க எடையும் சமமா, பார் தோளில் நடுவாக இருக்கிறதா என்று பார்த்தோம். சரியாகவே இருந்தன. பிறகுதான் உறைத்தது: மொட்டை மாடித் தளத்தை மழைநீர் வடிவதற்காகச் சரிவாகத்தானே போடுவார்கள்! அவனை எதிர்த்திசையில் திரும்பி நிற்கச் சொல்லி, மறுபடி பின்னாலிருந்து எடுத்தோம். தரை மட்டுமே காரணமென்றால் சாய்வு இடப்பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. அதே வலது பக்கம், மூன்று டிகிரி. ஆக, தரையின் பங்கு சுமார் அரை டிகிரி. மீதி மூன்றரை அவனுடையது.

திருத்தம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். எடையைப் பாதியாகக் குறைத்து, சமதளமான வராந்தாவுக்கு மாறினான். கீழே உட்கார்ந்ததும் இரண்டு விநாடி நிறுத்தம். கூடவே டம்பெல்லுடன் ஒற்றைக் காலில் படி ஏறும் பயிற்சி. பலவீனமான இடது காலில் முதலில் செய்து, அதனால் எத்தனை முடிகிறதோ அத்தனையே வலது காலுக்கும். கல்லையும் இரு தோளிலும் மாறி மாறி ஏற்றச் சொன்னேன்; இதற்குத்தான் முணுமுணுத்தான்.

யாருடைய உடம்பும் அச்சு அசலாக ஒருபோல இருக்காது. ஒரு டிகிரிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வலி நீடித்தாலோ கால் மரத்துப்போனாலோ கம்ப்யூட்டரை மூடிவிட்டு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போங்கள். அவனையும் அனுப்பிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடரச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து அனுப்பிய வீடியோவில் 91 வந்தது. முதல் வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். கினோவியாவில் இரண்டு வீடியோக்களை அருகருகே ஓட்டிப் பார்க்கலாம்.