கடலை மிட்டாய்க் கடை மாடியில் ஒரு பகல்வேஷம்

செருப்பைப் படியிலேயே விட்டுவிடுங்கள். தலையைக் கொஞ்சம் குனியுங்கள், நிலை தாழ்வு. நான் இடித்துக்கொண்டாயிற்று, நம் இரண்டு பேருக்கும் அது ஒன்றே போதும். கீழே கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்கிறது. அந்த வாசம் நமக்கு முன்னால் படியேறிப் போய் மாடியில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கோவில்பட்டியில் சனிக்கிழமை சாயங்காலம். வெயில் இறங்கிவிட்டது, சுவர் இன்னும் சுடுகிறது. நாளைக் காலையில் இந்த அறைக்குத் தெருப் பிள்ளைகள் வரப்போகிறார்கள், 40 வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாட. அவர்களுக்கு நாளைக்குத்தான். நமக்கு இன்றைக்கே!

அறைக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி, பெயர் போடக் கூடாது என்று முதலிலேயே வாக்கு வாங்கிவிட்டார். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். பிறகு அதே பெஞ்சுகளில் கம்ப்யூட்டர் சென்டர். இப்போது இரண்டும் இல்லை, பெஞ்சு மட்டும் மிச்சம். அதன்மேல் கிடப்பவற்றைப் பாருங்கள்: வயிறு பெருத்த போர்ட்டபிள் டி.வி., ஒரு லேப்டாப், மூடி உடைந்த டேப்ரிக்கார்டர், சிக்கெடுக்க முடியாத வயர் பந்து, அதற்குள் பாதி மூழ்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காலி தீப்பெட்டிகளில் ரகம் பிரித்துப் போட்ட ஸ்க்ரூக்கள். தீப்பெட்டி ஊரில் ஸ்க்ரூவுக்கு வேறு எதில் இடம் கிடைக்கும்?

சுவரில் மார்க்கர் பேனாவால் ஒரே ஒரு சட்டம் எழுதியிருக்கிறது: ‘மிட்டாய் தின்ன கையோடு கீபோர்டைத் தொடாதே.’ 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்ற பெருமையெல்லாம் வாசலோடு சரி. போன மாதம் ஸ்பேஸ் பாரில் ஒட்டிய பாகைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனதாம்.

“எமுலேட்டர்னா என்ன அண்ணாச்சி?” என்று அப்பாவியாகக் கேட்டேன்.

“பகல்வேசம் பாத்திருக்கீங்கல்லா? ஒரே ஆளு, ஒரு நாள் அனுமாரு, மறுநாள் போலீசு. இதும் அதேதான். புது மெஷினுக்குப் பழைய மெஷின் வேசம் கட்டி விடுறது. பழைய விளையாட்டு வந்து பாக்கும், ‘அட, நம்ம ஆளுதானே’ன்னு நம்பி ஓடும்.”

இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்காது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

முதல் வேஷம், பிபிசி மைக்ரோ. பெஞ்சின் ஓரத்தில் துணி போர்த்திய ஒன்றை அண்ணாச்சி திறந்தார். மஞ்சளடித்த பெட்டி, மேல் வரிசையில் குங்குமச் சிவப்பில் பத்துக் கட்டைகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டர். 1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில், முதற்கட்டமாக நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் அனுப்பியதே, அப்போது போனது இந்த ரகம்தான். இது அண்ணாச்சிக்குக் காயலான் கடையில் எடைக்குக் கிடைத்தது. உயிர் போய் ரொம்ப நாளாகிறது. எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று பார்க்க மட்டும் வைத்திருக்கிறார்.

வேஷம் கட்டப்போவது அதன் பக்கத்தில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சைப் பலகை. இங்கே ஒரு சமாச்சாரம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்தப் பலகையின் மூளையான ‘ஆர்ம்’ ரகச் சிப் இருக்கிறதே, அது அதே ஏகார்ன் கம்பெனிக்காரர்கள் 1985இல் பெற்றெடுத்த வம்சம். உங்கள் சட்டைப்பையிலிருக்கும் போனிலும் அநேகமாக அதே ரத்தம்தான். பலகையின் மாடல்களுக்கு ‘ஏ’, ‘பி’ என்று பெயர் வைத்ததும் பிபிசி மைக்ரோவின் மாடல்களை நினைத்துத்தான். நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா? பேரன் இப்போது தாத்தா வேஷம் கட்டுகிறான்.

சுவிட்சைப் போட்டார். “பூம்... பீப்!” முதலில் கட்டைக் குரல், பிறகு கீச்சுக் குரல். கறுப்புத் திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று எழுத்து வந்தது. மொத்த நினைவகமே 32 கே.பி.; வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படத்துக்குக்கூடப் பற்றாது. விநாடிக்கு 20 லட்சம் துடிப்புகள்தான். இந்தக் குட்டிப் பலகைக்கு அதைவிடப் பல நூறு மடங்கு வேகம் உண்டு. அதை இழுத்துப் பிடித்து, தாத்தா மாதிரித் தள்ளாடி நடக்க வைப்பதுதான் எமுலேட்டரின் சாமர்த்தியம்.

அடுத்து அடிதடி. விளையாட்டைக் கிளப்ப ஷிஃப்ட்டோடு பிரேக் கட்டையை அமுக்க வேண்டும். அண்ணாச்சியின் தம்பி மகன், ஒன்பதாம் வகுப்பு, கீபோர்டில் ‘பிரேக்’ என்றே அச்சடித்த கட்டையைப் போட்டுக் குத்துகிறான். ம்ஹூம்.

“பெரியப்பா, இது வேலை செய்யல.”

“ஏல, பேரப் பாத்து ஏமாறாத. எஃப் 12ஐ அமுக்கு.”

இப்படிக் கட்டைக் குழப்பம் கணக்கில்லை. அந்தக் காலத்து பிபிசி விளையாட்டுகள் பலவற்றில் இடது வலதுக்கு இஸட், எக்ஸ். மேலே கீழேவுக்கு முக்காற்புள்ளியும் சாய்கோடும். அந்தப் புள்ளிக் கட்டை இன்றைய கீபோர்டில் வேறு இடத்தில் இருக்கிறது. இதற்கு அண்ணாச்சியின் மனைவி, நம் மதினி, ஒரு வழி கண்டுபிடித்தார்: ஸ்டிக்கர் பொட்டு. சிவப்புப் பொட்டு ஒட்டிய கட்டைகள் பிபிசிக்கு, பச்சைப் பொட்டு அடுத்து வரப்போகிற ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு. வியர்வைக் கையோடு பையன் அமுக்கி அமுக்கி, ஒரு பொட்டு அவன் பெருவிரலிலேயே குடியேறிவிட்டது.

ஓடியது ‘எலைட்’. டேவிட் பிரேபன், இயான் பெல் என்ற இரண்டு மாணவர்கள் எழுதி 1984இல் வெளிவந்தது. வெறும் கோடுகளால் வரைந்த விண்கலம், நாம்தான் ஓட்டுநர். அந்த 32 கே.பி.க்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். எல்லாவற்றையும் எழுதி வைக்க இடம் ஏது? ஒரு விதை எண்ணிலிருந்து ஒவ்வொரு உலகையும் அந்தந்த நேரம் முளைக்க வைக்கிறார்கள். இன்னொன்று தெரியுமா? ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் அதே பிரேபனும் ஒருவர்!

எஸ் அமுக்கினால் மூக்கு இறங்கும், எக்ஸ் அமுக்கினால் ஏறும். சரக்கோடு போய், சுற்றிக்கொண்டே இருக்கும் நிலையத்தின் சின்ன வாசலுக்குள் நுழைய வேண்டும். நான் நுழைந்த லட்சணத்தில் கலம் வெடித்துச் சிதறியது. மறுபடியும். மறுபடியும். “மாட்டு வண்டிய வாசல்ல திருப்புறாப்பல திருப்புங்க” என்றார் அண்ணாச்சி. நான் மாட்டு வண்டியும் ஓட்டியதில்லை.

மதினி டீ கொண்டுவந்தார். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததுதான் விருந்து.

இரண்டாவது வேஷம், ஸ்பெக்ட்ரம். 1982இல் சின்க்ளேர் கம்பெனி விட்ட ரப்பர்க் கட்டைக் கம்ப்யூட்டர். 80களின் கடைசியில் நம் நாட்டிலும் டெசிபெல்ஸ் கம்பெனி ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்று விற்றது. இதன் விளையாட்டுகள் சாதாரணப் பாட்டு கேசட்டில் வரும். அண்ணாச்சி ஒரு கேசட்டை எடுத்தார். ஒரு பக்கம் பக்திப் பாடல், மறுபக்கம் ‘மானிக் மைனர்’!

டேப்பில் பூசணம். கரிசல் காட்டுப் புழுதி உருளைகளில் அப்பிக் கிடக்கிறது. பையன் பென்சிலைச் செருகி டேப்பைச் சுற்றினான். அண்ணாச்சி ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து ஹெட்டைத் துடைத்தார். பருத்தி விளைகிற ஊரில் பஞ்சுக்கா பஞ்சம், மூன்று உருண்டைகள் கறுத்துப்போயின. பிறகு டேப்ரிக்கார்டரிலிருந்து வயரை இழுத்து லேப்டாப்பில் செருகினார். ஓடுகிற சத்தத்தைப் பதிந்து, எமுலேட்டருக்குப் புரிகிற கோப்பாக மாற்றி, பென் டிரைவில் பலகைக்குக் கொடுக்க வேண்டும்.

பிளே பட்டனைத் தட்டினதுதான் தாமதம். “கீஈஈஈ...” என்று காதைத் துளைக்கும் ஒரு நீளக் கூவல், பிறகு “கரகரகரகர!” கீழேயிருந்து பாகு கிண்டுகிறவர் கத்தினார்: “அண்ணாச்சி, மிக்ஸியில கல்லு கெடக்கு, நிப்பாட்டுங்க!”

பதிவு முடிந்தது. ஸ்பெக்ட்ரமில் ‘லோட்’ என்று எழுத்துக் கூட்டி அடிக்கக் கூடாது, ஜே கட்டையை அமுக்கினால் முழுச் சொல்லும் தானாக வரும். டி.வி.யின் ஓரமெல்லாம் சிவப்பும் இளநீலமுமாகக் கோடுகள் ஓடின. பிறகு நீலமும் மஞ்சளும் தாறுமாறாகப் பாய்ந்தன. நாலு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ‘டேப் லோடிங் எரர்.’

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டின் சாய்வைக் காலே அரைக்கால் திருகினார். மறுபடி கூவல், மறுபடி கரகர. பாதியில் கரண்ட் போனது. லேப்டாப் தாக்குப்பிடித்தது, டேப்ரிக்கார்டர் பேய்க் குரலில் முனகிக்கொண்டே நின்றது. இருட்டில் பையன் சிரிக்க ஆரம்பித்தான், எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. விளக்கு வந்ததும் மூன்றாம் முறை. கோடுகளுக்கு நடுவே படம் வரி வரியாக இறங்கியது. கைதட்டல்!

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தீப்பெட்டி லேபிள்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்பெக்ட்ரமில் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம்தான். அதனால் ஆளின் நிறம் பக்கத்துச் சுவரில் வழியும். பழைய லேபிளில் மயிலின் பச்சை கோட்டைத் தாண்டி வழிந்திருக்குமே, அச்சு அசல் அது. சின்ன இடம், கொஞ்சம் மை, கண்ணைப் பறிக்க வேண்டும், தொழில் ஒன்றுதான்.

மாத்யூ ஸ்மித் என்ற விடலைப் பையன் 1983இல் எழுதியது இந்த மானிக் மைனர். 20 குகைகள். காற்று தீர்வதற்குள் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தோற்றால் மேலிருந்து ஒரு பூட்ஸ் கால் மெதுவாக இறங்கி ஆளை நசுக்கும். அதைப் பார்ப்பதற்காகவே பையன் வேண்டுமென்று தோற்றுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “இதே விளையாட்டு சுத்தமான கோப்பா ரெண்டு வருசமா என் பென் டிரைவ்ல கெடக்கு. ஒரு விநாடில ஓடும்.”

“பெறகு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு?”

“நாளைக்குப் பிள்ளைக அந்தச் சத்தத்தக் கேக்கணும்லா.”

மூன்றாவது வேஷம் லேப்டாப்புக்கு: பழைய பி.சி.க்களில் ஓடிய டாஸ். டாஸ்பாக்ஸ் என்கிற எமுலேட்டர் இங்கே ராஜா. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. ரூமுக்குள் போன கம்ப்யூட்டர் லேப் தலைமுறைக்கு இந்தப் பெயர்களைச் சொன்னாலே போதும்: டேவ், டிக்கர், பிரின்ஸ். டிக்கரைப் பையன் தட்டியதும் மண் தோண்டுகிற வண்டி மின்னலாகப் பறந்து, கண் சிமிட்டுவதற்குள் செத்தது. வேகத்தை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறான். கன்ட்ரோலோடு எஃப் 11ஐத் தட்டித் தட்டிக் குறைக்க, ‘பாப்கார்ன்’ மெட்டு நிதானத்துக்கு வந்தது. பிரின்ஸ் சுவரைப் பிடித்துத் தொங்கி ஏறுகிற அழகு அப்படியே இருக்கிறது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்த ஆள் அவன். முள் எழும்பும் தரையில் குத்துப்பட்டு விழுந்தான். ஆறாம் வகுப்பில் நான் விழுந்த அதே இடம்.

மணி பத்து. கீழே பாகு ஓய்ந்து, மிட்டாய் வெட்டுகிற சத்தம் கேட்கிறது. பையன் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான், பெருவிரலில் பொட்டோடு. மதினி மூன்றாவது தடவையாகச் சாப்பிடக் கூப்பிடுகிறார். நீங்கள் இறங்குங்கள், இதோ வருகிறேன். எலைட்டில் ஒரே ஒரு தடவை. அந்த வாசல் சுற்றுகிற கணக்கு இப்போது கொஞ்சம் பிடிபட்ட மாதிரி...

“பூம்.”

“வெளக்க அணைக்கட்டுமா?” என்கிறார் அண்ணாச்சி.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சி!”