ஒரு செயின் எத்தனை முறை மடங்கும்?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் இருக்கிற வீடுகளில் எப்போதாவது இந்தப் பேச்சு காதில் விழும்: "செயின் நீண்டுபோச்சு, மாத்தணும்." கையால் வளைக்க முடியாத எஃகுத் தகடுகளைக் கோத்துச் செய்த செயின் எப்படி நீளும்? நல்ல கேள்வி இது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் புதுச் செயினை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

தகடுகள் நீள்வதில்லை. பழைய செயினிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி அளந்து பாருங்கள், புதிதாக இருந்தபோது எவ்வளவோ அவ்வளவேதான் இருக்கும். நீளத்தைக் கூட்டுவது வேறொன்று. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

செயினில் இரண்டு விதமான கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. வெளிக் கண்ணியில் இரண்டு தகடுகளை இரண்டு பின்கள் சேர்த்துப் பிடித்திருக்கும். உள் கண்ணியில் பின்களுக்குப் பதிலாக உள்ளே துளையுள்ள இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். அவற்றுக்குப் புஷ் என்று பெயர். ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் ஒரு ரோலர் தளர்வாகச் சுழலும். வெளிக் கண்ணியின் பின் உள் கண்ணியின் புஷ்ஷுக்குள் நுழைந்திருக்கும். செயின் மடங்குகிற போதெல்லாம் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று உரசுகின்றன. தேய்வதெல்லாம் அங்கேதான்.

இந்தப் புஷ்ஷைச் செயினுக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் தொழில் செய்தவர். அதற்கு முந்தைய செயின்களில் பின் மேல் நேரடியாக அமர்ந்தது மெல்லிய தகட்டின் துளை விளிம்பு. அவ்வளவு குறுகிய இடத்தில் முழுச் சுமையும் விழுந்ததால் பின் விரைவிலேயே வெட்டுப்பட்டது. 1880-ல் ரெனால்டு புஷ்ஷை இடையில் வைத்தார். சுமை பின்னின் நீளம் முழுவதும் பரவியது. இன்று நம் சைக்கிளிலும் பைக்கிலும் ஓடுகிற பெரும்பாலான செயின்களுக்கு அடிப்படை அந்த யோசனைதான். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில்கூட எஞ்சினின் சக்தியை இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் கொண்டுபோனவை செயின்களே. புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்காகப் போட்டிருந்தார்கள்!

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். பழைய புல்லட்டின் பின்செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே உள்ள தூரம் 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று செயினில் 100 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் 38 பற்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 38 கண்ணிகள் நகரும். செயின் முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுற்றிவிடும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால், செயின் ஒரு சுற்று வரும்போது வண்டி சுமார் 5.26 மீட்டர் போயிருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 190 சுற்று.

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பின்னும் நான்கு முறை மடங்குகிறது. முன் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, பின் பல்சக்கரத்திலும் அப்படியே இரண்டு. 190 × 4 = 760. வண்டி 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஒரு பின் 76 லட்சம் முறை மடங்கியிருக்கும். அதுவும் எஞ்சினின் இழுப்பைத் தாங்கிக்கொண்டே!

இத்தனை உரசலில் ஒரு மூட்டில் 0.16 மில்லிமீட்டர் தேய்ந்தது என்று வையுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் வருகிற கனம், அவ்வளவுதான். ஆனால் செயினில் மூட்டுகள் 100. எல்லாம் சேர்ந்தால் 16 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுக் கண்ணியின் நீளம். இதைத்தான் ஒரு சதவீத நீட்சி என்கிறோம். ரப்பர் வளையம் இல்லாத சாதாரணச் செயினுக்கு 2 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அதைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. உள் கண்ணியின் இரண்டு புஷ்களும் அதன் தகடுகளில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. அதனால் அந்த இரண்டு ரோலர்களுக்கு இடையிலான தூரம் செயின் எவ்வளவு பழசானாலும் ஏறக்குறைய மாறாது. தேய்வு முழுவதும் வெளிக் கண்ணி இருக்கும் இடத்தில்தான் சேர்கிறது. பழைய செயினில் ரோலர்களின் இடைவெளி சரியானது, நீளமானது, சரியானது, நீளமானது என்று மாறி மாறி வரும். ஒற்றைக் கண்ணியை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். எப்போதும் இரட்டைப்படையில் எண்ணி அளக்க வேண்டும். புல்லட் செயினில் 16 கண்ணிகளை எடுத்துக்கொண்டால் வசதி. புதிதாக இருக்கும்போது சரியாக 254 மில்லிமீட்டர், அதாவது 10 அங்குலம். இழுத்துப் பிடித்து அளந்து 259 வந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்தது.

நீண்ட செயின் பல்சக்கரத்தை என்ன செய்யும்? ரோலர்கள் பல்லின் அடிப் பள்ளத்தில் சரியாக அமராமல் மேலே ஏறி உட்கார்ந்து பல்லின் பக்கவாட்டை அரிக்கும். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கியாகும். அந்தக் கொக்கிப் பல்லில் புதுச் செயினை மாட்டினால், அது புதுச் செயினையும் வேகமாகத் தின்றுவிடும். அதனால்தான் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து 'செட்'டாக மாற்றச் சொல்கிறார்கள்.

புல்லட்டில் இந்த இடத்தில்தான் சிக்கல். இங்கிலாந்தில் 1949-ல் விற்பனைக்கு வந்த இந்த வண்டியைச் சென்னையில் பூட்டுவதற்காக 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய அதே பழைய அமைப்பில்தான் புல்லட் வெளிவந்தது. கியர் பெட்டியின் சிறிய பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் இடதுபக்க உறையைத் திறந்து, எண்ணெயை வடித்து, கிளட்சையும் பிரிக்க வேண்டும். பின் பல்சக்கரமோ பிரேக் டிரம்மோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது. மாற்றினால் டிரம்மையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வேலைக்கும் செலவுக்கும் பயந்து பலர் செயினை மட்டும் மாற்றுகிறார்கள். பின் பற்கள் நன்றாக இருந்தால் அதை விட்டுவைக்கலாம். ஆனால் சிறிய பல்சக்கரத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. பற்கள் குறைவாக இருப்பதால் அதன் ஒவ்வொரு பல்லும் அதிக முறை வேலை செய்கிறது. 17 பற்கள் இருந்தால் அங்கே கண்ணி 21 பாகை மடங்கும், 38 பல் சக்கரத்தில் ஒன்பதரைப் பாகைதான். முதலில் தேய்வது முன் பல்தான்.

17 என்ற எண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. செயினில் கண்ணிகள் வழக்கமாக இரட்டைப்படைதான். உள்ளும் வெளியும் மாறி மாறி வந்தால்தானே இரண்டு முனைகளும் இணையும்? இப்போது 100 கண்ணிச் செயினை 20 பல் சக்கரத்தில் போடுங்கள். 100-ஐ 20 மீதியில்லாமல் வகுத்துவிடும். ஒரு குறிப்பிட்ட பல், செயினின் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஐந்து ரோலர்களைத்தான் சந்திக்கும். ஒரு ரோலரில் குறை இருந்தால் அதே பல்லையே திரும்பத் திரும்ப அடிக்கும். 17 பல் சக்கரத்தில் அப்படி நடக்காது. 17-க்கும் 100-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொரு பல்லும் 100 ரோலர்களையும் சந்தித்து முடித்த பிறகுதான் முதல் ரோலரிடம் திரும்பி வரும். தேய்வு எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. நீங்கள் ஆறாம் வகுப்பில் போடுகிற மீப்பெரு பொதுக் காரணி மெக்கானிக் பட்டறையில் இப்படி உதவுகிறது.

சரி, கடைக்குப் போவோம். செயின் தகட்டின் மேல் 428, 520, 530 என்று எண் பொறித்திருப்பார்கள். முதல் இலக்கம் கண்ணியின் நீளம், அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கில். 5 என்றால் 5/8, 4 என்றால் 4/8, அதாவது அரை அங்குலம். அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் தகடுகளுக்கு நடுவே உள்ள அகலம். 20 என்றால் 1/4 அங்குலம், 30 என்றால் 3/8. (குறியீடு முழுக்க ஒழுங்காக இல்லை. 428-க்கும் 525-க்கும் அகலம் ஒன்றே, 5/16.) 520-ம் 530-ம் நீளத்தில் ஒன்றானாலும் ஒன்றுக்குப் பதில் ஒன்று போட முடியாது. குறுகிய செயின் தடித்த பல்லில் இறங்காது. அகலச் செயின் மெல்லிய பல்லில் பக்கவாட்டில் ஆடும். பழைய வண்டியில் முன்பு யாரோ எதையாவது மாற்றியிருக்கலாம். அதனால் வண்டியின் கையேட்டையும் கழற்றிய செயினையும் பல்லின் தடிமனையும் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. நம் ஊர்க் கடைகளில் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் செயின்கள் கிடைக்கும்.

சில செயின்களில் தகடுகளுக்கு நடுவே சிறு ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே வைத்த கிரீஸ் வெளியேறாமலும் தூசி உள்ளே போகாமலும் அவை காக்கின்றன. நெடுநாள் உழைக்கும். ஆனால் அவை சற்று அகலமானவை. பழைய வண்டியின் உறையிலோ செயின் கார்டிலோ உரசினால் பயனில்லை. இடமில்லாவிட்டால் வளையமில்லாத நல்ல செயினே போதும், எண்ணெய் மட்டும் ஒழுங்காக விட வேண்டும்.

மாட்டுவதற்கு முன் ஒரு கண்டிப்பான விதி. இது பெரியவர்கள் செய்யும் வேலை, நீங்கள் பக்கத்தில் நின்று உதவலாம். எஞ்சின் ஓடும்போது செயினைத் தொடவோ துணியால் துடைக்கவோ யாரையும் விடாதீர்கள். பல்லுக்கும் செயினுக்கும் நடுவே விரல் போனால் அதைத் தப்பவைக்க நேரமே இருக்காது. எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். அப்போதும் விரல்கள் பல்சக்கரத்துக்கு எட்டத்திலேயே இருக்கட்டும்.

ஒளிந்திருக்கும் முன் பல்லின் மேல் புதுச் செயினை எப்படிச் சுற்றுவது? மெக்கானிக்குகளின் வழி அழகானது. பழைய செயினின் இணைப்புக் கண்ணியைக் கழற்றி, அதன் ஒரு முனையில் புதுச் செயினைக் கோத்துவிட்டுப் பழையதை மெல்ல இழுப்பார்கள். பழையது வெளியே வரும்போதே புதியது அதன் பாதையில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு இரண்டு முனைகளையும் பின் பல்சக்கரத்தின் மேல் கொண்டுவந்து இணைப்பார்கள். பற்களே முனைகளைப் பிடித்துக்கொள்வதால் கை சுலபமாக வேலை செய்யும்.

இணைப்புக் கண்ணியில் ஒரு சிறிய கிளிப் உண்டு. அதன் ஒரு முனை மூடியது, மறுமுனை பிளந்தது. மூடிய முனைதான் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடுவதால், அங்கே மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கும். எதிரே ஏதாவது உரசினாலும் அது கிளிப்பை அதன் பள்ளத்துக்குள்ளேயே தள்ளும். தலைகீழாகப் போட்டால் அதே உரசல் கிளிப்பைக் கழற்றி எறிந்துவிடும். நீங்கள் உதவிக்கு நிற்கிறீர்கள் என்றால், இந்தத் திசையைச் சரிபார்க்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

செயினை விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது. சாலைப் பள்ளத்தில் பின்சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறது. முன் பல்சக்கரத்தின் மையம், சக்கரத்தைத் தாங்கும் கையின் அச்சு, பின்சக்கரத்தின் அச்சு இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் அதிகபட்சம். அப்போது செயினில் தொய்வு மிச்சமில்லை என்றால் கியர் பெட்டியின் பேரிங் அடிவாங்கும். அதனால் ஆள் உட்கார்ந்த நிலையில், கீழ்ச் செயினின் நடுவில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆட வேண்டும். துல்லியமான எண் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரும் ஒரே பள்ளத்தில் நிற்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் பின்னால் நகர்ந்திருந்தால் பின் பிரேக்கும் இறுகியிருக்கும், அதையும் சரிசெய்ய வேண்டும்.

இனி உங்கள் சைக்கிள். அதன் செயினில் கண்ணி அரை அங்குலம், 24 கண்ணிகள் 12 அங்குலம். அங்குலக் குறியுள்ள உங்கள் 30 செ.மீ. ஸ்கேலே போதும். செயினை இறுக்கமாக வைத்து, ஒரு பின்னின் மையத்தில் சுழியை வைத்து 24 கண்ணி தள்ளிப் பாருங்கள். சரியாக 12 அங்குலத்தில் பின்னின் மையம் வந்தால் செயின் புதுசு. 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் வந்தால் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சைக்கிள் கடைக்குப் போகும்போது பல்சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.