தரையைத் தொட்ட வட்டம்!

1980-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி. திங்கட்கிழமை. காலை நேரம்.

டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் சிறிய விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. இரண்டே பேர் உட்காரக் கூடிய விமானம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். "பிட்ஸ்" என்பது அதன் பெயர். அமெரிக்காவில் உருவானது. வானத்தில் வித்தை காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

அதில் ஏறியவர் சஞ்சய் காந்தி. பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன். வயது 33. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமேதி தொகுதியில் வெற்றி பெற்று எம்.பி. ஆகியிருந்தார். வீட்டில் இளம் மனைவி. பிறந்து மூன்று மாதமே ஆன ஆண் குழந்தை.

உடன் சென்றவர் கேப்டன் சுபாஷ் சக்சேனா. டெல்லி விமானச் சங்கத்தில் பயிற்சி அளிப்பவர்.

விமானம் கிளம்பியது. நகரத்துக்கு மேலே பறந்தது. வளைந்தது. குட்டிக்கரணம் போட்டது.

திடீரென்று தலைகுப்புறக் கீழே பாய்ந்தது. அவ்வளவுதான்! வில்லிங்டன் கிரசண்ட் பகுதியில் விழுந்து நொறுங்கியது. இருவரும் மாண்டனர்.

ஏன் விழுந்தது?

நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால், எத்தனை கரணம் போட்டாலும் மேலே வந்து விடலாம். ஆழம் இல்லாவிட்டால் தலை தரையில் மோதும்.

விமானமும் அப்படியே. வானத்தில் வட்டம் போடும்போது அதன் பாதி மேல்நோக்கி, மறுபாதி கீழ்நோக்கி. கீழே பாயும் விமானத்தை நிமிர்த்துவதற்குப் பல நூறு அடி உயரம் வேண்டும். அந்த உயரம் அன்று இல்லை. நிமிர்வதற்கு முன்பே தரை வந்து விட்டது!

தாயின் துயரம்

செய்தி கேட்டு இந்திரா காந்தி விரைந்தார். ஆட்சியை இழந்திருந்த நாட்களில் அவர் குடியிருந்ததும் அதே வில்லிங்டன் கிரசண்டில்தான்! நாடாளும் பிரதமர் அங்கே மகனைப் பறிகொடுத்த தாயாக நின்றார்.

சஞ்சயின் அண்ணன் ராஜீவ் காந்தியும் விமானிதான். பயணிகளை ஏற்றிச் செல்லும் இந்தியன் ஏர்லைன்சில் வேலை. தம்பியின் மறைவுக்குப் பின் அந்த வேலையை விட்டார். 1981-ல் அமேதியில் நின்று வென்றார். 1984-ல் பிரதமரானார். சில நிமிட விளையாட்டு, நாட்டின் வரலாற்றையே திருப்பி விட்டது.

சஞ்சய் காந்தியின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்த சக்சேனாவை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அன்று இருண்டது ஒரு வீடு அல்ல, இரண்டு வீடுகள்.

துணிச்சல் நல்லதுதான். ஆனால் காலுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக் கொள்வது அதைவிட நல்லது. சைக்கிளில் கையை விட்டு ஓட்டும் தம்பிக்கும் இது பொருந்தும்!