விடுமுறை இல்லமும் விற்பனைச் சொற்களும்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் அரை மனை வாங்குவதென்றாலும் வில்லங்கச் சான்றிதழ் பாராமல் முன்பணம் கொடுக்கத் துணியாத குடும்பத்தினரே, பரிசுக் கூப்பனை நம்பித் தம்பதி சமேதராய் ஹோட்டல் மண்டபத்துக்குச் சென்று, விருந்துண்டு, மலைவாசஸ்தலத்தில் "வருஷத்தில் ஒரு வாரம் உங்களுக்கே சொந்தம்" என்ற வார்த்தையில் மயங்கி, அன்றிரவே சில லட்சங்களுக்குக் கையொப்பமிட்டுத் திரும்புவதைக் காணும்போது மனம் பதைக்கிறது.

டைம்ஷேர் என்று வழங்கும் இவ்வேற்பாட்டில் நம் தேசத்தில் பெரும்பாலும் விற்கப்படுவது வீடு அன்று. குறித்த சில ஆண்டுகளுக்குத் தங்கிச் செல்லும் அனுபோகம் மாத்திரமே. அசையாச் சொத்தின் கிரயத்துக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அத்தகைய பத்திரம் இல்லாதவரை எத்தனை அழகிய பட்டம் சூட்டப்பெற்றாலும் ஒருவர் அக்கட்டடத்தின் சொந்தக்காரர் ஆவதில்லை. புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சு இந்த அபாயத்தை முன்னரே உணர்ந்து, கம்பெனிப் பங்கின் பேரில் விடுமுறை இல்லத்தில் முறைவைத்துத் தங்குகிறவரை 'உரிமையாளர்' என்று விளம்பரத்தில் குறிப்பதையே 1986 ஜனவரிச் சட்டத்தால் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2009இல், ஒப்பந்தத்திலிருந்து விலக 14 நாள் அவகாசம் அளித்து, அதுவரை முன்பணம் வாங்குவதையும், டைம்ஷேரை முதலீடு என்று விற்பதையும் விலக்கியது. அத்தகைய தனிச்சட்டம் நமக்கு இன்றளவும் வாய்க்காதது பெருங்குறை.

முதலீடு என்ற சொல் இங்கே விளைத்த சேதமும் சிறிதன்று: விடுமுறை அறைகளின் பேரில் பணம் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்தின் திட்டங்களை அனுமதியற்ற கூட்டு முதலீடு எனக் கண்ட பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2016இல் ஆணையிட்டது.

ஆதலால் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். "அறை இருப்புக்கு உட்பட்டு" என்னும் ஒரு வரி, மே மாதத்தில் நீங்கள் கேட்கும் வாரத்தை இல்லையென்று மறுக்கப் போதுமானது. பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் போகாத வருஷத்துக்கும் உண்டு. அது ஏறுவதற்கு வரம்புண்டா, விலகினால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்க்கும் பரிகாரம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எவ்வூரில் இருப்பினும், தாம் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும், வழக்கின் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரையெனில் கட்டணமும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. மண்டபத்தில் வாய்மொழியாகச் சொன்னவற்றை மறுநாளே மின்னஞ்சலில் எழுதி, ஆம் அல்லது இல்லை என்று பதில் கேளுங்கள். அந்தப் பதிலையும், ரசீதையும், பரிசுக் கூப்பனையும் கிழித்தெறியாமல் ஒரே உறையில் வைத்திருங்கள்.