தோண்டி எடுத்த அசேலியா... ஓராண்டு தொந்தரவு வேண்டாம்!

கொடைக்கானலில் பழைய வீட்டுத் தோட்டங்களைத் திருத்தும்போது, வேலியோரம் பல்லாண்டுகளாக நிற்கும் அசேலியா செடிகளைப் பெயர்த்து வீசிவிடுவது உண்டு. மேலே வெட்டிவிட்டுப் பார்த்தால், கைக்கு அடங்காத தூர் மிஞ்சும். போன்சாய் வளர்ப்பவர்களுக்கு அதுதான் சொத்து. நர்சரியில் வாங்கிய கன்று அந்தப் பருமனுக்கு வர எத்தனை வருடம் காத்திருப்பது? ஆனால், இப்படி எடுத்த செடிகள் பெரும்பாலும் தோண்டும்போது சாவதில்லை. அதற்குப் பிறகு காட்டும் அதிகப்படியான அக்கறையில்தான் சாகின்றன.

மார்கழி, தை மாதங்களில் ஏரியோரப் பள்ளங்களில் உறைபனி விழும். அது விலகி, புதுத்துளிர் கிளம்புவதற்கு முன்பு எடுக்கலாம். அசேலியா வேர் ஆழம் போகாது. மயிர்போல மேல்மண்ணிலேயே பின்னிக்கிடக்கும். அதனால் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டி, அடைபோல மண்ணோடு தூக்கி, ஈரச்சாக்கில் சுற்ற வேண்டும். கொஞ்ச நேரம் வெயில் பட்டாலும் மயிர்வேர் காய்ந்துவிடும். கிளைகளைத் தாராளமாகக் கவாத்து செய்யலாம். முற்றிய கட்டையிலும் துளிர்க்கும். வெட்டிய தழையை ஆடு, மாடுகளுக்குப் போட்டுவிடக் கூடாது. அது விஷம்.

போன்சாய் தட்டை இப்போது எடுக்கவே வேண்டாம். அகலமான பலகைப்பெட்டி போதும். பருமணல், இலைமக்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நட வேண்டும். அமிலத்தன்மையுள்ள மண்ணில் வளரும் செடி இது. சுண்ணாம்பு கலந்தால் இலை வெளுக்கும். தூரைப் பெட்டியோடு கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். மலைக்காற்றில் தூர் ஆடினால், புதிதாக வரும் வேர் அறுந்துபோகும். நிழலில் வைத்து, விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் மட்டும் தண்ணீர். மழைநீர் கிடைத்தால் உத்தமம்.

ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. சில வாரங்களில் கட்டை முழுக்கத் துளிர் வெடிக்கும். ‘பிழைத்துவிட்டது’ என்று வெயிலில் வைத்து, பஞ்சகவ்யாவோ மண்புழு உரமோ கொடுத்துவிடுவார்கள். அந்தத் துளிர், கட்டையில் சேமித்திருந்த சத்தில் வந்தது. கீழே வேர் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல. வேர் இல்லாத செடிக்கு வெயிலும் உரமும் எமன்தான். துளிர் நீண்டு, இலை முற்றி, அதற்கடுத்த கொழுந்தும் வாடாமல் வந்தால்தான் நம்பலாம். அதுவரை உரம், கம்பி கட்டுதல், மறுகவாத்து எதுவும் வேண்டாம். எட்டிப்பார்க்க வேரைக் கிளறுவது அதைவிடக் கெடுதல்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நன்றாக வளரும் இச்செடியை வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறக்கினால், வெயிலும் உப்புத்தண்ணீரும் கொன்றுவிடும். அங்கே இருப்பவர்கள் பழைய காகிதப்பூ செடியில் இதே முறையைச் செய்து பார்க்கலாம். சோலைக்காட்டில் இருக்கும் காட்டுப்பூவரசு அசேலியாவின் உறவுதான். அதற்காக அதன்மேல் கைவைத்துவிடக் கூடாது. 2013 முதல் கொடைக்கானல் வனப்பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே செடியைப் பெயர்ப்பது குற்றம்.