எண்ணிக்கையில் கரைந்த சிப்பாய்

காலாட்படைச் சிப்பாயின் வாழ்வையும் சாவையும் பற்றி உருக்கமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, அவர் மனத்தில் துப்பாக்கியும் துவஜமும் கொண்ட ஒரு வீரகாவியம் இருந்திருக்கக்கூடும். ஆனால் பழனி மலைச் சாரலில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை யோசிக்கப் புகுந்தவனுக்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு கல்தான். கொடைக்கானலின் தெற்கு விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே விரிந்து கிடக்கும் தேனி மாவட்டத்தில், வைகையை ஒட்டிய புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மடிந்த தீயன் அந்தவன் என்பவனுடைய பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கிறது. அவன் அரசனும் அல்லன், சேனாபதியும் அல்லன்; மாட்டுச் சண்டையில் செத்த ஒரு சாமானியன். ஆயினும் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக மழையும் வெயிலும் அவன் பெயரைத் தின்றுவிடவில்லை.

முதல் உலக யுத்தம் முடிந்தபின் தமிழ்நாட்டில் பல ஊர்களில் சர்க்கார் பதித்துவைத்த கற்களையும் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இரண்டு வரி; அவ்வளவுதான். போனவன் யார், திரும்பாதவன் யார் என்று கல் சொல்லாது. அந்தக் கற்களின் முன் நிற்கும்போதெல்லாம், நமக்கு எழுத்தறிவு வளர வளரப் பெயரறிவு குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் என்னை விடுவதில்லை.

மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த, கல் பெயர் சொல்லாத அந்த வாலிபன், மலைக்கு வரும் துரைமார்களின் சௌகரியத்தை உத்தேசித்துக் 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் சூட்டப்பட்ட அம்மையநாயக்கனூர் ரயிலடியில்தான், அவர்கள் இறங்கிய அதே மேடையிலிருந்து, வண்டி ஏறியிருக்க வேண்டும். துரைமார்களின் மோட்டார்கள் ஏறுவதற்கான மலைச்சாலை 1916இல் திறக்கப்பட்டபோது, சென்னை ராஜதானியின் சிப்பாய்கள் கடல் கடந்து ஈராக்கின் வெயிலிலும் ஆப்பிரிக்கக் காட்டிலும் இருந்தார்கள்.

ஆப்பிரிக்கா என்றதும் டாங்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை, 1914 அக்டோபர் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் ஒன்றில் அடைபட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் கடல் மயக்கத்தில் கிடந்து, நவம்பர் 4ஆம் தேதி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் டாங்கா நகரத்தின் மேல் ஏவப்பட்டது. எதிரே இருந்தவர்கள் சுமார் 1,000 பேர். வந்திறங்கியவர்கள் சுமார் 8,000 பேர். ஆள்பலம் இருந்தும் காரியம் பலிக்கவில்லை. நம் மலையில் தேன் எடுக்கும் பளியன் புகை மூட்டாமல் கூட்டை நெருங்கமாட்டான். டாங்காவிலோ இயந்திரத் துப்பாக்கியின் சத்தத்தால் கலைந்த காட்டுத் தேனீக்கள், எவன் எந்தக் கொடியின் கீழ் வந்தவன் என்று பாராமல், இரு தரப்பாரையும் கொட்டித் துரத்தின. இந்தியத் துருப்புகளில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சிதறி ஓடிய பழி 63ஆம் பட்டாளத்தின் தலையில் விழுந்தது. கால் தரையில் ஊன்றுவதற்கு முன்பே சண்டைக்கு அனுப்பப்பட்டவன் வேறு என்ன செய்திருப்பான் என்று கேட்பார் இல்லை. தென்னாட்டான் யுத்தத்துக்கு உதவான் என்ற பழைய கொள்கைக்கு அது நல்ல சாட்சியமாயிற்று. 1928க்குள் சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் சிக்கனத்தின் பெயரால் கலைக்கப்பட்டு, இரண்டாம் யுத்தத்தில் ஆள் தேவைப்பட்ட 1941க்குப் பிறகே மீண்டும் திரட்டப்பட்டன. இடைப்பட்ட அந்த வருஷங்களில், மாண்டவனை ஆண்டுக்கொருமுறை நினைக்க வேண்டிய பட்டாளமே இல்லாமற் போயிற்று.

பஸ்ராவில் 1929இல் திறந்துவைத்த பெரிய ஸ்தூபியில் 40,000க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். அதில் ஆங்கிலச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு மட்டும், இன்ன பட்டாளத்தில் இன்னும் இத்தனை பேர் என்ற எண்தான். பெயர் தெரியாமையால் நேர்ந்தது என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. பிரான்ஸில் நவ் ஷாப்பெலில் எழுப்பிய மண்டபத்தில் அதே வகுப்புச் சிப்பாய்களின் பெயர்களை ஆயிரக்கணக்கில் பொறித்திருக்கிறார்கள். ஐரோப்பிய மண்ணில் செத்தவனுக்குக் கிடைத்த எழுத்து, ஆசிய மண்ணில் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பாரபட்சத்தை அந்த நினைவுச் சின்னங்களைப் பேணும் அமைப்பே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அந்நிய அரசனிடம் கூலிக்குச் சண்டையிட்டவனுக்கு இத்தனை கண்ணீர் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், பஞ்சத்தில் ரயிலேறியவனுடைய தாய் அரசியல் பார்த்து அழுதிருக்கமாட்டாள்.

நம் காலத்துக்கு வருவோம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்துச் சோனம் காவல் முனையில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. அவர்களுள் தமிழர் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் இந்த மலையடிவாரத்துத் தேனி மாவட்டத்துக்காரர். அவர்களுக்குப் பெயர் இருந்தது, உடலை ஊர் சேர்க்க விமானம் இருந்தது, அரசு மரியாதை இருந்தது. நல்லது. ஆனால் அவர்களுடைய பாட்டன்மாரின் தலைமுறைக்கு என்ன மிஞ்சியது?

ஒன்று மிஞ்சியது. முதல் யுத்தத்துக்குப் பின் சிப்பாய்க்கு அனுப்பிய வெள்ளிப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. ஒருபுறம் மன்னர் தலை, மறுபுறம் பகைவனின் கேடயத்தை மிதித்து நிற்கும் குதிரைவீரன். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் அதன் விளிம்பு. அங்கேதான், நகத்தால் தடவினால் தட்டுப்படும் சிறிய எழுத்தில், சிப்பாயின் எண்ணும் பெயரும் பட்டாளமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஊர்க்கல்லும் ஸ்தூபியும் மறுத்த பெயரை அந்த விளிம்பு வைத்திருக்கிறது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்குக் கவலை பிறக்கிறது: பட்டறையில் உருகிக் கொலுசாகும் ஒவ்வொரு பதக்கத்தோடும் ஒரு மனிதனின் கடைசிச் சாசனமும் உருகுகிறது.

ஆகவே வத்தலகுண்டிலோ, பெரியகுளத்திலோ, பண்ணைக்காட்டிலோ, தாண்டிக்குடியிலோ, யார் வீட்டுப் பெட்டியிலாவது அப்படியொரு வெள்ளி வட்டம் கிடந்தால், தட்டானிடம் எடைபோடக் கொடுப்பதற்கு முன் அதன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். படித்த பெயரை ஒரு தாளில் எழுதி, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுத்து, அந்த எண் மட்டும் உள்ள கல்லின் கீழ் வெட்டச் சொல்லுங்கள்.