கேட்டால்தான் கிடைக்கும் வரிவிலக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கும் இந்தச் செய்தியின் மறுபக்கம், அங்கே வீடு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடங்களும் கவுண்டி எனும் வட்டார நிர்வாகமும் நகராட்சியும் பெரிதும் நம்பியிருப்பது சொத்து வரியைத்தான். வங்கிக் கடனை அடைத்து முடித்த வீடாக இருந்தாலும் ஆண்டுதோறும் சில ஆயிரம் டாலர்களை வரியாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்களில் வீடு வாங்கியுள்ள ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்கு பழகிய கணக்கு.

இந்தச் சுமையைக் குறைக்க உள்ள முதன்மையான வழி, 'ஹோம்ஸ்டெட்' எனப்படும் குடியிருப்பு வரிவிலக்கு. சொந்தக்காரரே நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் இது உண்டு. ஒருவருக்கு நான்கு வீடுகள் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் கேட்க முடியும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இல்லை.

விலக்கு என்றால் வரியே இல்லை என்று பொருளல்ல. வரித்தொகையிலிருந்து நேரடியாக இவ்வளவு கழிப்பதும் அல்ல. வரி கணக்கிட எடுத்துக்கொள்ளும் வீட்டின் மதிப்பிலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வரி போடுகிறார்கள். வரிச்சீட்டில் பெரும்பங்கு பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போவதால், மாநிலம் கட்டாயமாக்கியிருக்கும் பெரிய விலக்கும் பள்ளி வரிக்குத்தான். 1997-இல் 15,000 டாலராக இருந்த இந்தத் தொகை 2015-இல் 25,000, 2022-இல் 40,000, 2023-இல் 1,00,000 என்று ஏறியது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த அரசியலமைப்புத் திருத்தத்தால் இப்போது 1,40,000 டாலர். இது போக, கவுண்டியும் நகராட்சியும் விரும்பினால் தங்கள் பங்கு வரிக்கு வீட்டு மதிப்பில் 20 விழுக்காடு வரை விலக்கு தரலாம். தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். அதனால் ஊருக்கு ஊர் தொகை மாறும்.

பள்ளி வரி விகிதம் ஒரு விழுக்காடு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,000 டாலராக இருந்திருக்க வேண்டிய வரி, விலக்குக்குப் பின் 600 ஆகிவிடும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 4,000 என்பது 2,600 ஆகும். 10 லட்சம் டாலர் மாளிகைக்கும் மிச்சமாவது அதே 1,400 டாலர்தான். 10,000 டாலர் கட்ட வேண்டியவருக்கு அது பெரிய தொகையில்லை. எல்லோருக்கும் ஒரே தொகையைக் கழிப்பதால் விகிதப்படி பார்த்தால் சின்ன வீட்டுக்காரரே கூடுதலாகப் பயன்பெறுகிறார். இந்த ஏற்பாட்டின் மிக நியாயமான அம்சம் இதுதான்.

விலக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சலுகை, வீட்டு விலை ஏறும் காலத்தில் அதைவிடப் பெரிதாகிவிடும். சந்தை மதிப்பு எவ்வளவு எகிறினாலும், குடியிருப்பு விலக்குப் பெற்ற வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது. 4 லட்சமாக இருந்த மதிப்பு ஒரே ஆண்டில் 5 லட்சமானாலும் வரிக்குரிய மதிப்பு 4,40,000-ஐத் தாண்டாது. புதிதாகக் கட்டிச் சேர்த்த அறை இந்த வரம்புக்குள் வராது. வீடு கைமாறினால் வரம்பும் போய்விடும். புதிதாக வாங்கியவர் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பழைய உரிமையாளர் பல ஆண்டுகள் குடியிருந்து, மூத்தவருக்கான சலுகையும் பெற்றிருப்பார். அவர் கட்டிய குறைந்த வரியைப் பார்த்துக் கணக்குப் போட்டு வீட்டை வாங்குகிறார்கள். மறு ஆண்டு முழுச் சந்தை மதிப்பை வைத்து வரி வரும். கடன் தவணையோடு வரிப்பணத்தையும் மாதாமாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பற்றாக்குறை விழும். தவணை சில நூறு டாலர் கூடும்.

65 வயது நிறைந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் பள்ளி வரியில் மேலும் 60,000 டாலர் விலக்கு உண்டு. அவர்களின் பள்ளி வரித்தொகைக்கு உச்சவரம்பும் விதிக்கப்படும். வீட்டைப் பெரிதாக்கிக் கட்டாத வரை அதற்கு மேல் ஏறாது. கையில் பணமில்லாத முதியவர் வரியைத் தள்ளிப்போடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது தள்ளுபடி இல்லை. ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியோடு வீட்டின் மேல் ஏறி நிற்கும் கடன். பணிக்கால பாதிப்பால் 100 விழுக்காடு ஊனம் என்று சான்று பெற்ற முன்னாள் படைவீரருக்குக் குடியிருப்பு வீட்டின் சொத்து வரி முழுதும் விலக்கப்படுகிறது.

இவ்வளவும் தானாக வந்து சேராது. வீடு இருக்கும் கவுண்டியில் சொத்து மதிப்பைக் கணிக்கும் மதிப்பீட்டு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலும் செய்யலாம். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியும் விலக்குக் கேட்கும் வீட்டின் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு மாறியதும் உரிமத்தில் முகவரியை மாற்ற மறந்தவர்களின் விண்ணப்பம் இங்கேதான் தடுக்கி நிற்கும். வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30. தவறவிட்டவர்கள், வரி நிலுவையாகும் நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறலாம்.

விலக்கால் பள்ளிகள் இழக்கும் வருவாயை மாநில அரசு ஈடுகட்டுகிறது. மாநிலத்தின் வரி வருவாயில் முதலிடம் விற்பனை வரிக்கு. அதைக் கடையில் சாமான் வாங்கும் எல்லோரும் கட்டுகிறார்கள், சொந்த வீடில்லாத வாடகைக்காரரும்தான். அவர் குடியிருக்கும் வீட்டுக்கோ இந்த விலக்கு இல்லை. அந்த வீட்டின் வரி வாடகையில் ஏறிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு இவ்வளவு யோசித்த சட்டம், வாடகைக்காரரைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது இதன் பெரிய குறை.

விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதுமில்லை. விலக்குப் பெற்றுத் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் அஞ்சல் வந்தால் குப்பையில் போட்டுவிடலாம்.